சாவி என்கிட்டதான் இருக்கு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

கூரை கேரியர் மாட்டி முடித்தேன். அண்ணன் ஓசூரிலிருந்து பார்சலில் அனுப்பியது. எட்டு போல்ட், நாலு கிளாம்ப். வீடியோவில் ஒருத்தன் இருபது நிமிடத்தில் மாட்டுகிறான். எனக்கு ரெண்டரை மணி நேரம். ஒரு கிளாம்ப் கதவு ரப்பரைக் கடித்துக்கொண்டு கதவை மூடவே விடவில்லை. கழற்றி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் வைத்து, மறுபடி முடுக்கினேன். இப்போது கேரியரைப் பிடித்து ஆட்டினால் வண்டியே ஆடுகிறது.

அப்பா வந்து அண்ணாந்து பார்த்தார். "மேல இருவது பலாப்பழம் ஏறும்" என்றார். அவ்வளவுதான்.

ஏறும். ஓட்டுவது யார்?

ஏழு பேர் உட்காரும் வண்டி. அண்ணன் நவீன்குமார் பெயரில் இருக்கிறது; அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா மலையில் புளி, பலா, சாமை வாங்கித் திருப்பத்தூரில் விற்கிறார். ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்து நேராக மாட்டுக் கொட்டகைக்குள் போனவர், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மாவுக்கு ஏறினாலே வாந்தி. மிச்சம் நான். பி.காம். ரெண்டாம் வருடம் பாதியில் விட்டது நானேதான், யாரும் நிறுத்தவில்லை. பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். அதற்குத் தண்டனை மாதிரி, பதினாலு மாதமாகச் சாவி என்னிடம்.

ஆகஸ்ட் 9, சனி

ஜமுனாமரத்தூருக்கு மூன்று நடை. எனக்காக ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த முறை பார்சலில் தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டி. ட்ராக்கர். வண்டி எங்கே இருக்கிறதென்று அண்ணனுக்குப் போனில் காட்டுமாம். "திருடு போனா கண்டுபுடிக்கலாம்" என்கிறான். இந்த மலையில் வண்டியைத் திருடிக்கொண்டு எவன் எந்தப் பக்கம் போவான்?

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மாட்டினேன். சிவப்பு வயர் பேட்டரிக்கு. கறுப்பு பாடிக்கு. ஆரஞ்சு, சாவி போட்டால் கரன்ட் வருகிற வயருக்கு. கூடவே ஒரு ரிலே. அண்ணன் ஓசூரில் உட்கார்ந்து போனில் பட்டனை அமுக்கினால் இங்கே வண்டி ஸ்டார்ட் ஆகாது. டேப் சுற்றி, டை போட்டு இறுக்கி, வெளியே ஒரு நூல்கூடத் தெரியாமல் மறைத்தேன். சுத்தமான வேலை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணன் போனில், "தெரியுது, தெரியுது. வூட்டு வாசல்ல நிக்கிற" என்றான்.

வண்டியைச் சொன்னானா, என்னைச் சொன்னானா?

ஆகஸ்ட் 21, வியாழன்

திருப்பத்தூரில் பலாப்பழத்தை இறக்கிவிட்டு, "மூணு மணி நேரம் ஆவும், இங்கயே இரு" என்றார் அப்பா. மூணு மணி நேரம் மண்டி வாசலில் உட்கார்ந்து என்ன பண்ணுவது? வாணியம்பாடிக்கு விட்டேன். அங்கே சுபைதா அக்கா சீட் கவர் தைத்து மாட்டும் கடை வைத்திருக்கிறார். லைட், ஹாரன், கேரியர் எல்லாம் கிடைக்கும். எங்கள் வண்டிக்கும் அங்கேதான் சீட் கவர் போட்டது. சும்மா நின்று, பெண்கள் மிஷினில் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணன் போன்.

"அருணா, வாணியம்பாடில இன்னா வேல உனக்கு?"

"டீ குடிக்க வந்தேன்."

"திருப்பத்தூர்ல டீ இல்லியா?"

வைத்துவிட்டேன். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிகிறது, இன்ஜின் அசையவில்லை. போன் பண்ணினால் சிரிக்கிறான். "சும்மா டெஸ்ட் பண்ணேன். மொதல்ல இன்னா வேலைன்னு சொல்லு, ஆன் பண்றேன்."

நடு ரோட்ல என்ன நிக்க வச்சிட்டு சிரிக்கிறான். அவன் அனுப்புன பெட்டி. நான் படுத்துக்கினு மாட்டுன பெட்டி.

கீழே கையை விட்டு ரிலே வயர் ரெண்டையும் பிடுங்கி ஒன்றோடொன்று முறுக்கி டேப் போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. நிமிர்ந்தால் கடை வாசலில் சுபைதா அக்கா.

"இந்த ஒயரிங் யாரும்மா பண்ணது?"

"நாந்தாங்க்கா."

"மாட்டுனதும் நீ, பிடுங்கினதும் நீயா?" குனிந்து அடியில் பார்த்தார். "என் கடைல ரெண்டு பேரு இருக்கானுங்க. ஃப்யூஸ் எங்கடான்னா ஆகாசத்த பாக்கறானுங்க. வேலைக்கு வர்றியா? மாடில தைக்கிற பொண்ணுங்களோட தங்கிக்கோ. ஒண்ணாம் தேதி வந்துடு."

கிளம்பும்போது மூலையில் கிடந்த ஏர் ஹாரனைப் பார்த்தேன். ஏதோ டூரிஸ்ட் வண்டியில் கழற்றியது. "எடுத்துனு போ, எடத்த அடைக்குது" என்றார்.

வழியில் அண்ணன், 'ஆன் பண்ணிட்டேன்' என்று மெசேஜ் போட்டான். மண்டிக்குப் போய் அப்பாவை ஏற்றுவதற்கு முன்னால் ஓரம் கட்டி ரிலேவைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஏன் மாட்டினேன்? அண்ணன் அப்பாவிடம் சொல்வான் என்ற பயம். வேறொன்றும் இல்லை, பயம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொன்னேன்.

அப்பா: "நீ போய்ட்டா வண்டிய யாரு ஓட்டறது?"

அம்மா: "வூட்ல வண்டிய வச்சிக்கினு வெளிய வேலைக்கா?"

அண்ணன் போனில்: "ஒரு ஆறு மாசம் பொறு." ஆறு மாதத்துக்கு முன்னாலும் இதைத்தான் சொன்னான்.

போகாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னா சண்டையாவது போடலாம்.

ஆகஸ்ட் 30, சனி

இந்த வண்டியில் எனக்கென்று மாட்டியது இது ஒன்றுதான். ஏர் ஹாரன். கிரில்லுக்குப் பின்னால் கம்ப்ரசர், ரெண்டு குழல், தனி ரிலே. ஊதிப் பார்த்தால் அப்படியே எங்கள் ஊர் பஸ் சத்தம்.

எங்கள் ஊரில் யாரும் ஸ்டாப்பிங்கில் போய் நிற்பதில்லை. பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அதுவும் அரை மணி முன்னே பின்னே வரும். பாறை வளைவில் ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டபிறகு கதவைச் சாத்திக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினால் போதும், பஸ் சுற்றிக்கொண்டு வருவதற்குள் ஸ்டாப்பிங்குக்குப் போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான்.

தெரிந்துதான் செய்தேன். சாயந்திரம் நாலு மணிக்குப் பாறை வளைவில் நீளமாக ஒரு ஊது. ஸ்டாப்பிங்குக்கு வந்தால் ஒன்பது பேர் பையோடு நிற்கிறார்கள். வேடியப்பன் மாமா கக்கத்தில் சேவலோடு ஜன்னலுக்கு வந்தார். "எனக்கு ஒரு ஜமுனாமரத்தூர் குடும்மா. கோழிக்கு அர டிக்கெட்டு." எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு மேல் வீடு காந்தா, என்னைவிட ரெண்டு வயது பெரியவள், இடுப்பில் பிள்ளையோடு மூச்சு வாங்கினாள். "ஏண்டி, சேலகூட சரியா சுத்தாம ஓடியாறேன். வெளங்குவியா நீ?" அவளும் சிரித்தாள்.

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்றும் ரெண்டு தடவை ஊதினேன். நான் ஊதினால் ஊரே கீழே வருகிறது. நான் மட்டும்தான் எங்கேயும் போக முடியாது.

செப்டம்பர் 1, திங்கள்

ஒன்றாம் தேதி. திருப்பத்தூருக்குப் புளி ஏற்றிப் போனேன். வாணியம்பாடி என்று அம்புக்குறி போட்ட போர்டைப் பார்க்காமல் திரும்பினேன். சுபைதா அக்காவுக்கு என்னவென்று சொல்ல? சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஊதினேன். யாரும் வரவில்லை. மேலேயிருந்து யாரோ "போடி இவளே" என்று கத்தியது மட்டும் கேட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஐந்து மணிக்கே அப்பாவோடு திருப்பத்தூர். மத்தியானம் திரும்பினால் எங்கள் வாசலில் காந்தா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல சேலை, தலையில் பூ, மடியில் ஃபைல்.

இன்றைக்குப் பத்து மணிக்குத் திருவண்ணாமலையில் அவளுக்குச் சத்துணவு வேலைக்கு இன்டர்வியூ. நாலு வருடமாக எழுதிப்போட்டு வந்த கடிதம்.

"ஆறேகாலுக்கு ஹாரன் கேட்டுச்சு. அருணாதான் வெளையாடுதுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. எட்டிப் பாத்தேன், வாசல்ல உங்க வண்டி இல்ல. அப்ப நீயேதான்னு உள்ள போய்ட்டேன். புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கினு இருந்தேன். பஸ் வந்து, ஆள் இல்லன்னு போயிடுச்சு."

"யாரும் ஏறலியா?"

"யாரும் கீழ எறங்கி வரவே இல்ல. எல்லாரும் நீதான் ஊதுறேன்னு நெனச்சிட்டாங்க."

கத்தவில்லை. அழவும் இல்லை. எழுந்து ஃபைலைத் தட்டினாள்.

"நீ போவ முடியலன்னு என்னையும் போவ உடாம பண்ணிட்ட."

நாலு வருஷம். நான் விளையாடுனது அஞ்சு நாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹாரனைக் கழற்றினேன். கிரில் கிளிப் ரெண்டு உடைந்தது. உடையட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காந்தா வீட்டுக்குப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"வண்டி ஓட்டக் கத்துக்கறியா?"

"எந்த வண்டிய? எங்கிட்ட மாட்டு வண்டிகூட இல்ல."

"எங்க வண்டிய. நீ ஓட்டு. அப்பாகிட்ட மாசச் சம்பளம் பேசிக்கோ."

"அப்ப நீ?"

"நான் வாணியம்பாடி போறேன்."

துணியை முறுக்கிப் பிழிந்தபடியே என்னைப் பார்த்தாள். "அதான பாத்தேன். எனக்காக வந்துட்டியோன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன்."

"ரெண்டு பேருக்காகவும்தான்."

"சரி, பொய் சொல்லல நீ." வாளியைத் தூக்கினாள். "எங்க வூட்டுக்காரர்கிட்ட நானே பேசிக்கிறேன். நீ வாய தொறக்காத."

சுபைதா அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஒரு மாதிரிதான் பேசினார். "வர்றேன்னா வரணும். இப்படி பண்ணக்கூடாது." கடைசியில், "தீபாவளி முடிஞ்சு வா. அதுக்கு மேல எடம் வெக்க மாட்டேன்" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காந்தாவுக்குப் பழகுநர் லைசென்ஸ் வந்துவிட்டது. ஸ்கூல் கிரவுண்டில் முதல் பாடம். பதினோரு தடவை வண்டியை ஆஃப் பண்ணினாள். பன்னிரண்டாவது தடவை நகர்ந்தது. உடனே பயந்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் போன்: "வண்டி ஏன் கிரவுண்டையே சுத்திக்கினு இருக்குது?"

"டயர் ஒரு பக்கமா தேயுதான்னு பாக்கறேன்."

அக்டோபர் 13, திங்கள்

அப்பாவிடம் நேற்றுதான் சொன்னோம். முதலில் சிரித்தார். அப்புறம் காந்தாவைப் பார்த்து, "பொம்பளப் புள்ள, வளைவுல எப்பிடி?" என்றார். நான் யாராம்?

இன்று எல் போர்டு ஒட்டிக்கொண்டு காந்தா ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் அப்பா, திருப்பத்தூர். நான் ஓட்டுகிற வேகத்தில் பாதிதான். எதிரில் வண்டி வந்தால் ஓரம் கட்டி நிறுத்தியே விடுகிறாள். நாலாவது வளைவில் பின்னாலிருந்து குறட்டை. நான் ஓட்டும்போது ஒரு நாளும் கண்ணை மூடாத மனுசன்.

ராத்திரி அண்ணன், "வெளியாள் கைல சாவியா?" என்று குதித்தான். அப்புறம் அவனே, "ட்ராக்கர் இருக்குல்ல. சரி, இருக்கட்டும்" என்றான்.

அக்டோபர் 29, புதன்

டெஸ்ட். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாஸ். வெளியே வந்து ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு கரும்பு ஜூஸ் குடித்தோம்.

நவம்பர் 3, திங்கள்

காலை பஸ். அம்மா அழுதாள். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார், வேண்டுமென்றே. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வலது கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.

நவம்பர் 21, வெள்ளி

கடைக்கு வெள்ளி லீவு. மாடி ரூமில் மத்தியானம் வரை தூங்கினேன். அப்பா போன். நான் வந்து இன்றுதான் முதல் தடவை பேசுகிறார்.

"இந்தக் காந்தா ஞாயித்துக்கெழம வரமாட்டேன்னுட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது, சரின்னுட்டேன். அவளுக்கும் வூடுன்னு ஒண்ணு இருக்குல்ல."

காது சுட்டது. பதினேழு மாசம் ஓட்டுனேன். ஒரு ஞாயித்துக்கெழம உண்டா எனக்கு? எனக்கும் வூடு இருந்துச்சே. அங்கதான இருந்தேன்.

ஆனால் நான் கேட்டதும் இல்லை. மொத்தமாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு வரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் மூணாவது வாரமே சொல்லிவிட்டாள்.

அப்பா இருமினார். "ஞாயித்துக்கெழம வண்டி சும்மாதான் நிக்கிது. நீ வந்தீன்னா, திருப்பத்தூருக்கு ஒரு நட போய்ட்டு வந்துடலாம்."

"வர்றேம்பா, ஒரு நாள் லீவு கேட்டுக்கினு. சாப்புட வர்றேன். வண்டி எடுக்க மாட்டேன்."

அப்பா மறுபடி இருமினார்.

"சாமச் சோறா, அரிசியா?" என்று கேட்டார்.