கும்பிட்டுவிட்டுத் துளைக்கும் அசுரன்

வான்கூவர்

அன்புள்ள அப்பாவுக்கு, தனப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா நலமா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே எங்கள் புராண வீடியோ கேமுக்கு வில்லனின் முன்கதையை எழுதினேன். தண்ணீருக்காகப் பூமியைத் துளைத்துத் துளைத்து உலகத்தையே வறளவைத்த அசுரன் அவன். துளைக்கும் முன் செருப்பைக் கழற்றி, சூடம் ஏற்றிக் கும்பிடுவான். மேலாளர் படித்துவிட்டு, "இப்படி இருந்தால் ஆடுகிறவர்கள் இவனைக் கொல்லத் தயங்குவார்கள். கும்பிடுவதை எடுத்துவிடு" என்றார். சிரித்துக்கொண்டே சரி என்றேன். எடுக்கத்தான் கை வரவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை ஆழ்துளைக் கிணறு போடும் உங்கள் ரிக் வண்டியில் கெங்கவல்லிக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? ஆயிரம் அடி போட்டும் புழுதிதான் வந்தது. "இன்னொரு நூறடி போட்டுப் பாருங்க" என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் கெஞ்சினார். நீங்கள் மறுபடியும் சூடம் ஏற்றினீர்கள். என் அசுரன் வில்லன்தானா என்று எனக்கே இப்போது புரியவில்லை, அப்பா.

கொள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். ஒருத்திக்குக் கால் கிலோ போதும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கதையைக் கொடுத்தாக வேண்டும், அதற்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கும்பிடும்போது உங்கள் உதடு அசையுமே, அப்போது பூமியிடம் தண்ணீர் கேட்டீர்களா, மன்னிப்புக் கேட்டீர்களா?

உங்கள் மகள்,
தனப்பிரியா