பெருவிரல் பள்ளம்

14 நவம்பர் 1992, சனி. கிங்ஸ்பரி.

இண்டைக்குக் கியோட்டோவிலையிருந்து பார்சல் வந்தது. செப்டம்பரிலை கந்தோர் அலுவலாய்ப் போன என்ரை மனுசன், கோயிலடிப் பழைய தெருவிலை மட்பாண்டம் செய்யப் பழக்கிற கடையொண்டிலை தன்ரை கையாலை செய்த கோப்பையாம். சூளையிலை சுட்டு அனுப்பியிருக்கினம். புட்டுக்கு மா குழைக்கத் தெரியாத மனுசன்.

வடிவான கோப்பை. பிடிக்கிறதுக்குப் பெருவிரலாலை அமத்தின பள்ளமும் இருக்கு. தேத்தண்ணி ஊத்தித் தூக்கினன். என்ரை விரல் அளவெடுத்த மாதிரிப் பொருந்திச்சுது. இவரின்ரை பெருவிரல் அதுக்குள்ளை போகவே போகாது.

கேட்டன். "மண்ணைச் சுட்டால் சுருங்குமப்பா" எண்டார். சரியெண்டு விட்டிட்டன்.

பிறகு நான் கோப்பையைக் கழுவேக்கை தானாய் வந்து, "அங்கை பழக்கின மனுசிதான் அமத்திக் காட்டினவ" எண்டார். நான் ரெண்டாந்தரம் கேக்கவேயில்லை.

ஆல்பத்தை எடுத்துப் பாத்தன். அந்தக் கடையிலை எடுத்தது ஒரேயொரு படம். திரும்பி வந்த கையோடை, "இவர்தான் எனக்குப் பழக்கினவர்" எண்டு காட்டின தாடிக் கிழவரும் இவரும் கையெல்லாம் களிமண்ணோடை நிக்கினம். வேறை ஒருத்தரும் இல்லை. இவர் கமெராவைப் பாத்து அப்பிடிச் சிரிக்கிறார்.

அப்ப படம் எடுத்தது ஆர்?