சாம்பல் புதனுக்கு முன்

அன்புள்ள நோயலுக்கு, ராயபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால் அங்கே வரும் மஜீது பாய் மகன் ஜீஷானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, எண்ணூர் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் இருமலும் சேர்ந்துகொள்கிறது. உன் தங்கை ஷைனி உன்னை விசாரிப்பதையே விட்டுவிட்டாள், அதையும் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகம் உப்பி, கண் மஞ்சளாக இருந்தது, படம் ஆடிக்கொண்டே இருந்தது. சிக்னல் சரியில்லை என்றாள் அம்மா. ஆடியது உன் கை என்று நான் சொல்லவில்லை. சாம்பல் புதனிலிருந்து தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு தொடமாட்டேன், ரூமைப் பூட்டிக்கொண்டு கிடப்பேன் என்று நீ சொன்னதும் அவள் கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள். போன வருஷம் உன் அண்ணன் ஜெரால்டுக்கும் இப்படித்தான் ஏற்றினாள். தவக்காலத்தில் நம் தெரு ஆம்பளைகள் பாதிப்பேர் நிறுத்துகிறவர்கள்தானே, அவனும் நிறுத்தட்டும் என்று நானும் இருந்தேன். அவர்கள் சாயங்காலம் குடிக்கிறவர்கள். ஜெரால்டு காலையில் பல் விளக்குவதற்கு முன் குடித்தவன். நீயும் இப்போது அப்படித்தான் என்று உன் ரூமில் இருக்கும் ரோஷன் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே.

நெற்றியில் சாம்பல் வாங்கிய மூன்றாம் நாள் ஜெரால்டு, யப்பா, செவுத்துல நண்டு ஊர்துபா, தட்டி வுடு என்று அலறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டான். ஜெபக் கூட்டத்து ஞானசெல்வி வந்து பார்த்துவிட்டு, சாராயப் பேயி போறப்ப ஆட்டம் காட்டும், வுட்றாதீங்க என்றாள். உனக்குப் போன் போட்டோம். நடிக்கிறான் நைனா, கட்டிப் போடு, கெஞ்சினா கதவத் தொறக்காத என்றாய். நீ அப்போதும் குடித்திருந்தாய். வலைக்கயிற்றால் கட்டிலோடு கட்டினேன். நாங்கள் ஜெபமாலை சொல்லச் சொல்ல அவன் கைகால் வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான், பேய் இறங்கிவிட்டது என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது உயிர் இல்லை. அங்கே இருந்த டாக்டரம்மா, தினம் இவ்ளோ குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரும்ங்க, மொதல்லயே கூட்டி வந்திருந்தா மருந்து கொடுத்தே நிறுத்தியிருக்கலாம் என்றார். அவன் கையில் கயிற்றுத் தடத்தைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிவிட்டார். அடக்கத்துக்கு வந்த அவன் தோஸ்துகள், தொண்ட காஞ்சி போயிருப்பான் மாமு என்று குழிக்குள் ஒரு குவாட்டரை ஊற்றினார்கள். அடிக்கக் கை ஓங்கினேன். அவன் கேட்டபோது நாம் ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லையே என்று தோன்றி இறக்கிவிட்டேன்.

அதனால் ரூமைப் பூட்டாதே. ரோஷனோடு டாக்டரிடம் போய் எவ்வளவு குடிக்கிறாய் என்று பொய் சொல்லாமல் சொல், அவர்கள் படுக்கப்போட்டு நிறுத்தட்டும். வேலை போனால் போகட்டும், சவப்பெட்டியில் வருவதற்குப் பதில் வெறுங்கையோடு வா. இங்கே வந்து நிறுத்துகிறேன் என்று மட்டும் கிளம்பாதே. அம்மா இன்னும் அந்த ஜெபக் கூட்டத்துக்குத்தான் போகிறாள், கயிற்றையும் எறியவிடவில்லை.

டாக்டர் உன்னைப் பார்க்கும்வரை, சாம்பல் புதனானாலும் சரி, தினம் குடிப்பதைக் குடி. பெற்ற அப்பன் எழுதுகிறேன், குடி. கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆண்டவர் உனக்குப் புத்தியைக் கொடுக்காவிட்டாலும் பயத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஒரு மகன் மிச்சமிருக்கிற
உன் அப்பா அருள்நாதன்