வெறும் தகடு

இண்டூர்
10.11.2024

அன்புள்ள வாணிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மெயில்.

பட்டுப்புழுக்கள் கடைசித் தடவை தோலுரித்துவிட்டன. அவை இலை தின்னும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. இலை பறிக்க வரும் ராமக்காள் நேற்றும் கேட்டாள்: “அவங்க எப்பங்க வராங்க? வூடு வூடாட்டமே இல்லீங்க.”

“தைக்கு வந்துருவாங்க” என்றேன். போன வருடமும் அதையேதான் சொன்னேன். டிசம்பரோடு அங்கே உன் ஆராய்ச்சி ஒப்பந்தம் முடிகிறதல்லவா? வந்துவிடு.

உன்
அருள்

டேஜான், தென் கொரியா
24.11.2024

அன்புள்ள அருளுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். தைக்கு வர முடியாது. கார்பன் நானோகுழாயோடு மாங்கனீசு ஆக்சைடைச் சேர்த்து பஞ்சுபோல் துளைகளுள்ள நிக்கல் நுரைத் தகட்டில் படியவைக்கிறேன் என்றேனே, அந்த மின்முனை நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மின்சாரத்தைச் சேமிக்கிறது. பேராசிரியர் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார். சரி என்றுவிட்டேன். உங்களைக் கேட்டிருந்தால் என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே நான் சந்தோஷமாக இருப்பதாக நினைக்காதீர்கள். நேற்று மாலை கடைக்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், குரலே வரவில்லை. காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்கள்
வாணி

டேஜான்
19.1.2025

அன்புள்ள அருளுக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. பொங்கலன்று கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஒரு சந்தேகத்தில், என் பொருள் எதுவும் சேர்க்காத வெறும் நிக்கல் தகட்டையும் அதே பக்குவத்தில் வேகவைத்து அளந்தேன். அதுவும் ஏறக்குறைய அவ்வளவு மின்சாரத்தைப் பிடித்தது. நான் கொண்டாடியது என் நானோகுழாயை அல்ல, தகட்டை. பேராசிரியரிடம் காட்டினேன். “எல்லோரும் தகட்டோடு சேர்த்துத்தான் அளக்கிறார்கள், கட்டுரை அப்படியே வெளியாகட்டும்” என்றார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அத்தோடு வேலையும் போயிற்று.

பிப்ரவரியில் வந்துவிடுகிறேன், அருள். நம் வீட்டுக்கு.

வாணி

இண்டூர்
26.1.2025

அன்புள்ள வாணிக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். நீ அங்கே அழுதுகொண்டிருக்க, நான் இங்கே சந்தோஷப்படுகிறேனே என்று பிறகு கூச்சமாகிவிட்டது. பேர் போட மாட்டேன் என்றது சரிதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்த மின்முனை நீ நினைத்தபடியே இருந்திருந்தால், வந்திருப்பாயா?

அருள்

டேஜான்
2.2.2025

அன்புள்ள அருளுக்கு,

வந்திருப்பேன் என்று எழுதினேன். அழித்துவிட்டேன்.

வந்திருக்க மாட்டேன். இரண்டு வருடம் முடிந்தாலும் வேறு ஒரு காரணம் கிடைத்திருக்கும். உங்கள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அது என்னைக் கிளப்பிவிடப் போதவில்லை.

பதினாறாம் தேதி பெங்களூரில் இறங்குகிறேன். வருவீர்களா?

வாணி

இண்டூர்
9.2.2025

கோகிலவாணி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மெயில் கிடைத்தது. உள்ளதைச் சொன்னதற்கு நன்றி.

விமான நிலையத்துக்கு உங்கள் அண்ணன் காரோடு வருவார். நல்லம்பள்ளியில் அவர் வீட்டு மாடி அறையை உங்களுக்காக ஒழித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் புத்தகங்கள், சான்றிதழ்கள், துணிமணி எல்லாவற்றையும் நேற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். எதுவும் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். கிளம்பும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
மா. அருள்குமார்