வாழைப்பழம் எனக்கு ஆகும், அப்பாவுக்கு ஆகாது

அன்புள்ள அப்பாவுக்கு, பல்லடத்திலிருந்து செல்வி வணங்கி எழுதுவது. உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? அம்மா நலமா? என் கிட்னியில் ஒன்றை உங்களுக்குத் தருகிறேன் என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. போன செவ்வாய்க்கிழமை தறி ஓட்டும்போது கால்கள் துவண்டு உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. பக்கத்துத் தறி பாப்பாயி அக்கா, "என்ன கண்ணு ஆச்சு?" என்று பதறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்துவிட்டதாம். நின்று நின்று கால் வீங்குகிறதே என்று நானாக வாங்கிப் போட்ட நீர் மாத்திரைதான் காரணமாம். இரண்டு நாள் மருந்து ஏற்றினார்கள்.

இனி பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழமும் இளநீரும் நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர் மேக்னா. எனக்கு ஒரே குழப்பம். அவை உங்களுக்கு ஆகாது என்றுதானே உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்? அதைக் கேட்டேன்.

"உங்கப்பா கிட்னியால மிச்சமாகுற பொட்டாசியத்த வெளிய தள்ள முடியலீங்க. உங்க கிட்னிய அந்த மாத்திரை வேண்டியதையும் சேத்தித் தள்ள வெச்சுப்போட்டுதுங்க."

பாதிதான் புரிந்தது. "அப்ப என் கிட்னி கெட்டுப்போச்சா டாக்டர்?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். ஏன் அழுதேன் என்று இன்னும் தெரியவில்லை.

விடுதியில் குளிர் அதிகம். அம்மாவின் பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. மாதக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். என் கிட்னி உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க, என்னோடு பரிசோதனைக்கு வாருங்கள் அப்பா.

உங்கள் மகள்,
செல்வி