மேனேஜர் சூளகிரியில் இருக்கிறார்

என் தூங்குமூஞ்சி மஞ்சுளாக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜர் கிடைத்துவிட்டார். நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி இரண்டாவதாகக் கேட்பாய், அதுவும் ஞாபகம் வந்தால்.

இதையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக் கிழித்தால் நாலு வரி எழுதலாம் என்பாய். இந்தக் கடிதத்துக்கு ஒரு மாதத்தையே கிழிக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. கொஞ்சம் கம்பெனி பஸ்ஸில் எழுதினேன், கொஞ்சம் கேன்டீனில், மிச்சத்தை மொட்டைமாடியில் நடந்துகொண்டே எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. நேற்று லைனில் சூப்பர்வைசர் கேட்டேவிட்டார். "என்னம்மா, காலுக்கடியில நெருப்பா கொட்டிக் கெடக்குது?"

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. வேறு யார் கண்ணிலாவது இது பட்டால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா? நமக்கு ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே அறை. ஆனால் நீ ஒரு பேட்ச், நான் ஒரு பேட்ச். நீ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் நான் செகண்ட். அடுத்த வாரம் அப்படியே மாறும். நான் வேலை முடிந்து வரும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். நீ கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் ஒன்றாக இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தவிர நாம் ஒருவரையொருவர் பார்த்ததெல்லாம் தூங்குகிற முகத்தைத்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டாய்.

அதனால்தான் நம் அறைக்கு அந்தச் சட்டம். நான் விருதுநகரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே நீ சொன்னாய். "இதப் பாரு பாண்டிச்செல்வி, இந்த ரூம்ல ஒரே சட்டம்தான். தூங்கறவங்கள எழுப்பக் கூடாது. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் சத்தம் போடாம விழணும்." நான் சிரித்தேன். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குத் தூக்கத்தைவிடப் பெரிய சொத்து எது என்று ஒரே வாரத்தில் எனக்கும் புரிந்துவிட்டது.

பேசாததையெல்லாம் எழுதினோம். அரிசி டப்பாவின் மேல் தினமும் ஒரு சீட்டு. 'குழம்பில் உப்பு கம்மி, திட்டாதே.' 'உன் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போகிறேன், அப்புறம் திட்டிக்கொள்.' 'இன்று அழுகை வந்தது, காரணம் இல்லை.' அந்தக் கடைசிச் சீட்டுக்கு நீ பதில் எழுதவில்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அரிசி டப்பாவின் மேல் இரண்டு தேன்மிட்டாய் இருந்தன.

மேனேஜர் வந்த கதையை மறந்திருக்க மாட்டாய். காதில் கிழிசலோடு ஒரு சாம்பல் பூனை வாசலில் வந்து உட்கார்ந்தது. லட்சுமி என்று பேர் வைத்தாய். 'லட்சுமி பட்டினி' என்று நீ சீட்டு எழுதுவாய், நான் சோறு வைப்பேன். 'லட்சுமி பட்டினி' என்று நான் எழுதுவேன், நீ சோறு வைப்பாய். அதுவும் இரண்டு ஷிஃப்டிலும் தட்டைக் காலி செய்துவிட்டு, பத்து நாள் சோறு காணாததுபோல முகத்தை வைத்துக்கொள்ளும். வயிறு பெருத்தது. நிறைமாதம் என்று நாம் முடிவுகட்டி, அட்டைப்பெட்டியில் உன் பழைய நைட்டியை மடித்துப் போட்டுப் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தோம்.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "அய்யோ ராமா, இது கடுவன் பூனைம்மா, ஆம்பள!" என்று தலையில் அடித்துக்கொண்டாரே! அன்றைக்குத்தான் நீ பேரை மாற்றினாய். "ரெண்டு ஷிஃப்ட்டும் வருது, சுத்திப் பாக்குது, சாப்பிடுது, ஒரு வேலையும் செய்யறதில்ல. இது மேனேஜரேதான்."

சரி, இனி சிரிப்பு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அந்த வாரம் நீ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பியிருக்க வேண்டியவள், ஜன்னல் நன்றாக வெளுத்த பிறகும் அறைக்குள் நடந்துகொண்டிருந்தாய். பெட்டியைத் திறந்தாய், மூடினாய். இருமினாய். பிறகு என் தலைமாட்டில் வந்து நின்றாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்று தெரியவில்லை. அப்புறம் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாய்.

அக்கா, அன்றைக்கு நான் முழித்துத்தான் இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. முந்தின நாள் ஓவர்டைம் பார்த்த அலுப்பு. இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம், கண்ணைத் திறந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் தூக்கம் போய்விடும் என்று நினைத்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

எழுந்து பார்த்தபோது சீட்டு இருந்தது. 'காய்ச்சல் விடலை. ஊருக்குப் போய்ட்டு ஞாயிறு வரேன். மேனேஜர் பட்டினி. பாத்துக்கோ.' தனக்கு மாத்திரை வாங்கினாளா என்று எழுதவில்லை, பூனைக்குச் சிபாரிசு வேறு என்று நான் முணுமுணுத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கார அம்மா வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது. மஞ்சள் காமாலையாம், முற்றிவிட்டதாம். கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை என்றார்கள். நம் லைனிலிருந்து ஐந்து பேர் கிளம்பிச் சூளகிரிக்கு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு, முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வாரம் நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நான் வேலையில் இருந்தபோது உன் தம்பி வந்து உன் பெட்டியையும் படுக்கையையும் எடுத்துப் போயிருக்கிறான். வந்து பார்த்தால் உன் பக்கத்துச் சுவர் மொட்டையாக நிற்கிறது. மேனேஜரையும் காணவில்லை.

எனக்கு வெறி பிடித்ததுபோல ஆகிவிட்டது. நீ என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு வேலைதான். அதையும் கோட்டைவிட்டேனா? தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பிடாமல் கொள்ளாமல் தெருத் தெருவாகப் போனேன். சாக்கடை ஓரம், பாலத்துக்கு அடி, கோழிக்கடைப் பின்பக்கம். கூப்பிடுவதிலும் ஒரு சங்கடம். நடுத்தெருவில் நின்று "மேனேஜர், மேனேஜர்" என்று கத்தினால் சட்டை இன் பண்ணியவர்கள் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் கதவுகளைத் தட்டினேன். இரண்டு வருடமாக இந்தத் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறவள், பழகி என்ன ஆகப்போகிறது என்றே இருந்துவிட்டேன். ஆனால் தட்டிய கதவெல்லாம் உன்னைத் தெரிந்த கதவாக இருந்ததே, அது எப்படி? உனக்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிடைத்தது?

மூலைவீட்டுக் கன்னடக்கார அம்மா, "நம்ம புட்டாவா? ரெண்டு நாளா வரலியே. மஞ்சுளாதான் முட்டைத் தோல் உரிக்கக் கத்துக் கொடுத்தா அதுக்கு" என்றார். எதிர்ச்சந்துத் தெலுங்கு வீட்டில் அதற்குப் பேர் பங்காரம். அங்கே உன் பேரைச் சொன்னதும் காபி வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீதான் அந்தத் தூங்கற பொண்ணா?" என்று வேறு கேட்டார்கள். தெரு முழுக்க என்னை அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய்! யாரடி தூங்குமூஞ்சி என்று உன்னோடு சண்டை போட நீ இல்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. பஸ் நிறுத்தத்தில் போண்டா போடுகிற அண்ணனை மட்டும் நான் கேட்கவில்லை. கடையில் நிற்கும் ஆண்களிடம் என்ன பேச்சு என்று எங்கள் ஊர்க் கெத்து. பத்தாவது நாள் அவரே வாயைத் திறந்தார்.

"ஏம்மா, தெனம் எதையோ தொலைச்ச மாதிரி போறியே, இன்னா தேடற?"

"ஒரு சாம்பல் பூனைண்ணே. காது கிழிஞ்சிருக்கும்."

"அட, நம்ம மாப்ள! அது அன்னைக்கே தக்காளி வண்டியில ஏறிப் போய்ட்சே. உங்க அக்கா தம்பி பொட்டி ஏத்தும்போது, அந்தப் பாய்ச் சுருட்டு மேல போயி உக்காந்துக்கிச்சி. எறக்கி விட்டாலும் திரும்ப ஏறிக்கிச்சி."

"இத ஏண்ணே அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. மேனேஜரைப் பார்க்க வேண்டுமென்றால் உன் அம்மாவைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு கதவைத் தட்டாமல் இருக்கத்தான் இத்தனை கதவுகளைத் தட்டினேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை வயர்கூடையோடு சூளகிரி பஸ் ஏறினேன். நெடுஞ்சாலையில் இறங்கி, புதிதாக எழும்புகிற கம்பெனி மதிலை ஒட்டி நடந்தேன். பாதி வழியில் இரண்டு முறை திரும்பிப்போகப் பார்த்தேன்.

உன் அம்மா வாசலில் கொத்தமல்லிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஆறு நாள் அந்தப் புதுக் கம்பெனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம், ஞாயிறு இது. மடியை ஒட்டி மேனேஜர் படுத்திருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாம்மா, உள்ள வா. நீதான பாண்டிச்செல்வி? நடையப் பாத்தாலே தெரியுது. நிக்காம கொள்ளாம நடக்கும்னு மஞ்சு சொல்லிக்கினே இருப்பா."

உள்ளே போய் உன் பெட்டியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். என் சீட்டுகள் அக்கா. எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாயா? நான் உன்னுடையதைப் படித்துவிட்டு அடுப்புத் துடைத்திருக்கிறேன். "எனுக்குப் படிக்கத் தெரியாது, நீயே படிச்சுக் காட்டு" என்றார். உப்புக் கம்மியைப் படித்தேன், துப்பட்டாவைப் படித்தேன். பிரசவ ஏற்பாட்டைப் படித்தபோது உன் அம்மா சிரித்தார். உன் சிரிப்பு அங்கிருந்து வந்ததுதான் என்று அப்போது தெரிந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, அன்னைக்கு அக்கா கிளம்புறப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் கொத்தமல்லியைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அதான் தெரியுமே. வந்து படுத்தவ சொன்னா. 'அது முழிச்சிக்கினுதாம்மா இருந்துச்சு, இமை ஆடிக்கினே இருந்துச்சு. ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா எங்கூடவே கெளம்பி வந்துரும். லீவு போட்டா சூப்பர்வைசருகிட்ட பேச்சு வாங்கும் பாவம். அதான் எழுப்பாம வந்துட்டேன்'னு. சொல்லிட்டு சிரிச்சா."

உனக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தும் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எழுப்பினால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? சட்டமாம் பெரிய சட்டம்! நான் கூட வந்திருந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேனோ? போயிருந்தால் பிழைத்திருப்பாயோ? யாரிடம் கேட்பது இதை?

கிளம்பும்போது கூடையைப் பார்த்து உன் அம்மா கேட்டார். "எடுத்துக்கினு போறியா?" கேட்டாரே தவிர மேனேஜரின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "காலைல அஞ்சு மணிக்கு மார் மேல ஏறி மிதிச்சு எழுப்பி உட்ருது. இல்லன்னா எந்திரிக்கவே மனசு வர்றதில்ல எனுக்கு."

ஐந்து மணி உன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரம். நம் அறையில் சட்டத்தை மதிக்காதவர் அவர் ஒருவர்தான். இப்போது அங்கே ஒரு வேலை பார்க்கிறார் அக்கா, நம்பு. நான் எப்படிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவேன்? கூடை நிறையத் தக்காளி கொடுத்தனுப்பினார். மூலைவீட்டுக்கும், தெலுங்கு வீட்டுக்கும், போண்டா அண்ணனுக்கும் பங்கு வைத்தேன். நாளைக்குப் பங்காரம் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்றாம் தேதி உன் இடத்துக்குப் போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். உன் பேட்ச்தான். அவளுக்காக அரிசி டப்பாவின் மேல் இப்போதே ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டேன். 'பழைய சட்டம் ரத்து. உடம்புக்கு முடியவில்லை என்றால் எழுப்பு. ஒன்றுமே இல்லை, சும்மா என்றாலும் எழுப்பு. முதலில் திட்டுவேன், கண்டுகொள்ளாதே.'

ஞாயிற்றுக்கிழமைகளில் சூளகிரி போவேன். உன் அம்மாவுக்கு மிச்சச் சீட்டுகளைப் படித்துக் காட்ட வேண்டும், இன்னும் பாதிக்கட்டு இருக்கிறது. தீர்ந்துபோனால் புதிதாக எழுதிக்கொண்டு போவேன். இது சத்தியம்.

நீ தூங்கு அக்கா. நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் ரூம் தங்கச்சி,
பாண்டிச்செல்வி