உப்பு என்றது நாக்கு

மார்ச் 4, செவ்வாய்
காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பாதி முகம் என்னுடையது. மறுபாதி தூங்கிக்கொண்டிருக்கிற யாருடையதோ. இரண்டு நாளாக இடது காதுக்குப் பின்னால் வலி. ஏ.சி. காற்று என்று விட்டுவிட்டேன். மனைவி பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டினாள். அவள் பேசவில்லை என்றால் விஷயம் பெரிது.

மார்ச் 5
பக்கவாதம் இல்லையாம். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா ஒரு குழாய் வரைந்து அதற்குள் நாலு கோடு போட்டார். ஒன்று முகத்தை அசைக்க. ஒன்று கண்ணீரும் எச்சிலும் சுரக்க. ஒன்று முன்நாக்கின் சுவைக்கு. ஒன்று காதோரத் தோலின் உணர்ச்சிக்கு. வேலை வேறு வேறு, உறை ஒன்று; நசுங்கினால் சேர்ந்தே நசுங்கும். வாசனை வேறு நரம்பு, நாக்கில் சூடு தெரிவது வேறு, அடிநாக்குக் கசப்பு வேறு. அவையெல்லாம் பத்திரம்.

மூன்றாவது கோட்டில் விரலை வைத்து, "இது திரும்புமா?" என்றேன்.

"எல்லாரும் முகத்தத்தான் முதல்ல கேப்பாங்க."

"முகத்த வெச்சு நான் என்னங்க பண்ணப் போறேன்? நான் தேயிலை வியாபாரி."

பெரும்பாலும் திரும்பும் என்றார். பெரும்பாலும் — சரக்கு எப்போது வரும் என்று தெரியாதபோது நான் சொல்கிற வார்த்தை.

மார்ச் 9
பித்தளைச் சாவியை வாயில் ஊறப்போட்ட மாதிரி இருக்கிறது. எதைத் தின்றாலும்.

மார்ச் 27
கடையில் டீ சுவை பார்க்கும் அறைக்குப் போனேன். கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்ச வேண்டும், நாக்கு முழுக்கப் பரப்ப வேண்டும், தொட்டியில் துப்ப வேண்டும். உறிஞ்ச உதடு குவியவில்லை. கட்டைவிரலால் இடது உதட்டை அழுத்திக்கொண்டு செய்தேன். துப்பியது பாதி என் மேலேயே விழுந்தது.

மைத்துனன் பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவன், நல்ல நாக்கு. "மாமா, கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேனே," என்றான்.

"கரண்டிய வை."

வைத்துவிட்டான். மூட்டை தூக்கி வந்து உட்கார்ந்த நாற்காலி இது. ஒரு நரம்புக்காக எழுந்திருப்பேனா?

ஏப்ரல் 11
பழைய வாடிக்கை ஹோட்டல்காரருக்கான சரக்கு, கப்பலில் வந்தது. நிறம் நன்று, வாசனை நன்று. நல்ல பக்கத்து நாக்கு நுனியில் மட்டும் லேசாக உப்பு. நேற்று வெறும் தண்ணீரே உப்புக் கரித்தது. சரி, நரம்பு சொல்கிற பொய் என்று முடிவு செய்தேன். மைத்துனன் அடுத்த மேஜையில்தான் இருந்தான். கப்பைக் கொடுக்கவில்லை. அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 29
ஹோட்டல்காரர் தானே வந்தார். கத்தியிருந்தால் தேவலை. பிளாஸ்கிலிருந்து ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்க அண்ணே."

உப்பு. கப்பலின் அடியில் கடல் தண்ணீர் பட்டதை எவனோ காயவைத்து, புதுச் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறான்.

"உங்களுக்கே தெரியாமப் போச்சா?"

"தெரிஞ்சுது. நம்பல."

"யார நம்பல?"

"என் நாக்க."

என் கோணல் வாயைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கை மூடினார்.

மே 2
இனி வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறாராம். மைத்துனன் கணக்கு நோட்டில் அவர் பெயரை அடித்தான். அந்தக் கப்பை ஏன்டா அவன்கிட்ட நீட்டல? கை நீளும் தூரம்தானே?

ஜூலை 19
கடைவாய் அசைந்தது. சிரித்துக் காட்டச் சொன்னாள் மனைவி. காட்டினேன். "முன்னாடி மட்டும் சிரிச்சுக்கிட்டேவா இருந்தீங்க," என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அக்டோபர் 30
சுவை வந்துவிட்டது. கூடவே ஒரு கோளாறும். டீ நாக்கில் பட்டதும் இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நரம்பு திரும்ப வளரும்போது வழி தப்புமாம். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. இன்று தேயிலை ஏலத்துக்கு வந்த ஒருவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டி, "விடுங்க அண்ணே, ஒரு சரக்குதானே," என்றார். விளக்கம் சொல்லவில்லை. எந்த நரம்பை வரைந்து காட்ட?

நவம்பர் 18
எட்டுக் கப். ஐந்தாவதில் புகை ஏறியிருந்தது, ஒதுக்கினேன். மற்ற ஏழும் சரி. எந்த ஐயமும் இல்லை; பழைய நாக்கு அப்படியே.

கை கழுவ உள்ளே போனேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மைத்துனன் குனிந்து ஐந்தாவதை உறிஞ்சினான், துப்பினான். பிறகு முதல் கப்புக்குப் போய், நான் சரி என்ற ஏழையும் வரிசையாகப் பார்த்தான். அவசரமில்லை, பழகிய வேலை போல.

அவன் முடிக்கும் வரை குழாயைத் திறந்தே வைத்திருந்தேன்.